இரட்டைக் கதவு

பக்கத்து மனையில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. விடிந்ததும் ஒரு பையன் குழாயை இழுத்து வந்து, முந்தின நாள் கட்டிய ஹாலோ பிளாக் சுவரை நனைக்கிறான். வெயில் ஏறாத அந்த நேரத்தில் சிமென்ட்டும் பாறைத்தூளும் தண்ணீர் குடித்து ஒரு வாசனை விடும். கட்டட வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். பண்ருட்டியைச் சுற்றி எத்தனையோ வீடுகளை நின்று கட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த வாசனை வந்தால் நினைவுக்கு வருவது இங்கே கட்டிய வீடு எதுவும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், வன்னியில், ஒரு வேப்ப மரத்தடியில் அடுக்கியிருந்த கற்கள்தான் வருகின்றன. அவற்றைக் காலையும் மாலையும் வாளியில் மொண்டு நனைத்த ஒரு அக்காவும் வருகிறார்.

அந்த அக்காவைச் சொல்வதற்கு முன் எங்கள் வீடுகளைச் சொல்ல வேண்டும்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பாவுக்கு முதல் சுரங்கத்தில் வேலை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். அதன் தொடர்ச்சியாக 1956இல் நிறுவனம் தொடங்கி, முந்திரியும் முள்ளுமாகக் கிடந்த செம்மண் பூமியில் ஒரு நகரமே எழும்பிவிட்டது. அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரங்கள், எண் போட்ட வட்டங்கள். ஒரே டைப் வீடுகளில் எல்லாமே ஒரே மாதிரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் நண்பன் வீட்டுச் சமையலறைக்கு நேராகப் போய்விடலாம். அங்கேயும் அதே மூலையில் லெக்கோ அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கட்டியாக்கிச் சுட்ட கரி அது. பற்றவைக்கத்தான் நேரமாகும், பிடித்துவிட்டால் மத்தியானச் சமையல் முடியும்வரை தாங்கும். அந்தக் கரியின் வாசனையோடுதான் எங்கள் தலைமுறை பள்ளிக்கூடம் போனது. இன்றைய பிள்ளைகளுக்கு லெக்கோ என்றால் என்னவென்றே தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் அம்மா முருங்கை, கறிவேப்பிலை, ஒரு பலாக்கன்று வைத்திருந்தாள். பலா காய்க்கத் தொடங்கிய வருஷம் அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்து பெரிய டைப் வீட்டுக்கு மாறினோம். பெரிய வீடு வந்ததில் எங்களுக்குச் சந்தோஷம். அம்மா மட்டும் மாட்டுவண்டியில் ஏறுமுன் ஒரு தடவை பின்பக்கம் போய் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அப்படித்தான். ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் சர்வீஸில் இருக்கும்போதே வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பண்ருட்டியிலோ ஒரு மனை வாங்கிப் போடுவார்கள். அப்பா தன் டைரியின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால் ஒரு வீடு வரைந்து வைத்திருந்தார். ஜன்னலை அழிப்பார், வேறு சுவரில் வைப்பார். தூக்கம் வராத நைட் ஷிப்ட் பகல்களில் அதுதான் அவர் வேலை. நான் சிவில் டிப்ளமோ சேர்ந்ததற்கு அந்தப் பென்சில் வீடும் ஒரு காரணம்.

ஆயாவின் வீடு வேறு வகை. மாளிகம்பட்டு பக்கம், பலாத்தோப்புக்கு நடுவில், மண்சுவரும் நாட்டு ஓடுமாக இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பலாதான் முகவரி. ஐந்தாறு தலைமுறை பார்த்த ‘ஆயிரங்காச்சி’ மரம் இன்றும் மாளிகம்பட்டில் நிற்கிறது, வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆயா வீட்டு மரங்கள் அவ்வளவு கிழமில்லை என்றாலும் தாத்தாவின் அப்பா வைத்தவை. மே மாதம் போனால் வாசற்படி வரைக்கும் பழம் கிடக்கும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. கரையைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து அடிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. விடிந்ததும் நான் பண்ருட்டியிலிருந்து கிளம்பினேன். பாதி தூரம் மரத்துக்கு மரம் ஏறி இறங்கித்தான் போக முடிந்தது. முந்திரி முழுக்கப் படுத்துவிட்டது. பலா மரங்கள் வேரோடு பெயர்ந்து, செம்மண் குழிகளை வாய்போலத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தன. ஆயா வீட்டுச் சமையலறை மேல் ஒரு மரம் விழுந்திருந்தது. ஆயா முன்கட்டில், ஆட்டுக்கல் பக்கத்தில், இரவு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கீறல்கூட இல்லை.

அடுத்த சில நாட்கள் ஊரில் நடந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. மரம் போன வீட்டுக்கு உறவுக்காரர்கள் இழவு கேட்க வந்தார்கள். வாசலில் உட்கார்ந்து, எந்த மரம், யார் வைத்தது, எத்தனை காய் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு அழுதார்கள். பின்னாலேயே மர வியாபாரிகளும் வந்தார்கள். தஞ்சாவூரில் வீணை செய்ய நம் பண்ருட்டிப் பலாதான் போகிறது, மிருதங்கக் கட்டைக்கும் பலாதான். ஆனால் ஒரே நாளில் இத்தனை மரம் சாய்ந்தால் விலை என்ன கிடைக்கும்? கேட்ட விலைக்குக் கொடுத்தார்கள். ஆயா எல்லாவற்றையும் விற்றாள், சமையலறை மேல் விழுந்ததை மட்டும் தொடவிடவில்லை. “அது வாசக்காலுக்கு ஆவும்” என்றாள்.

புது வீட்டுக்கு நான் பிளான் போட்டேன். போட்டது நான், சொன்னது ஆயா. திண்ணை இருக்க வேண்டும், சமையல்கட்டில் நின்றால் வாசல் தெரிய வேண்டும், யார் வந்தாலும் இங்கிருந்தே வாப்பா என்று கூப்பிட வேண்டும். பலா மரத்தில் நிலை செய்து வைத்தோம். அறுத்த புதிதில் பலா நல்ல மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகத் தேன் நிறத்துக்கு இருளும்.

அப்போது குடிசை இழந்தவர்களுக்கு ஒரு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தர அரசு அறிவித்து, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் வேலை நடந்தது. நானும் சில ஊர்களில் மேற்பார்வை பார்த்தேன். நல்ல காரியம், எத்தனையோ குடும்பம் ஒழுகாத கூரைக்குக் கீழே தூங்கியது. ஒன்றை மட்டும் கவனித்தேன். வீடு கைக்கு வந்த வேகத்தில் மக்கள் அதை மாற்றத் தொடங்கினார்கள். முன்னால் ஒரு கீற்றுப் பந்தல், பக்கத்தில் விறகடுப்புக்கு ஒரு சார்ப்பு, வாசலில் கையகலத் திண்ணை. ஆயா கேட்ட அதே திண்ணை.

அந்த வேலைகளில் பழக்கமான சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று, இலங்கையில் வன்னிக்குப் போய்க் கொஞ்ச காலம் வீடு கட்ட உதவ முடியுமா என்று கேட்டது. கலவையும் தெரிய வேண்டும், தமிழும் பேச வேண்டும், அதனால் எங்களைப் போன்றவர்கள் மேல் அவர்கள் கண். இப்படி ஊர் விட்டு ஊர் போய் முன்பின் தெரியாதவர்களுக்கு வீடு கட்டும் பழக்கம் அமெரிக்காவில் ஒரு பெரிய இயக்கமாகவே வளர்ந்திருக்கிறது. 1976இல் மில்லார்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் தொடங்கிய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அது. வீட்டுக்காரரும் தன் உடல் உழைப்பைப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2006இல் லோனாவாலா பக்கம் மலவ்லி கிராமத்துக்கு மனைவியோடு வந்து கட்டட வேலை செய்தார். எண்பதைத் தாண்டிய மனிதர் வெயிலில் நின்று வேலை செய்யும் படத்தைப் பத்திரிகையில் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினோம். அப்போது வடக்கே ரயில் கிளிநொச்சி வரைதான். போரில் தண்டவாளமே இல்லாமல் போன பாதையை நம் இர்கான் நிறுவனம் போட்டு, 2013 செப்டம்பரில்தான் கிளிநொச்சிக்கு வண்டி வந்திருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. புது சிலிப்பர் கட்டைகள், புது ஸ்டேஷன், பெயிண்ட் வாசனை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம் போனதும், ஏ9 சாலை ஓரத்தில் மிகப் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று கழுத்து முறிந்து தரையில் சாய்ந்து கிடந்தது. என் தொழில் கான்கிரீட். அவ்வளவு கனமான கட்டுமானம் அப்படிக் கிடப்பதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

எங்களுக்குக் கிடைத்த இடம் இரணைமடுக் குளத்துக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். எங்கள் கூட்டத்தில் டொரன்டோவில் பிறந்து வளர்ந்த ஒரு பையனும் இருந்தான். அவன் தாத்தா பாட்டி யாழ்ப்பாணத்தார். தமிழ் கேட்டால் புரியும், பேசக் கூச்சப்படுவான். எங்களுக்கென்று ஒதுக்கிய வீட்டு வளவில் கிளுவை வேலி, ஒரு கிணறு, வேப்ப மரம், தகரமும் தறப்பாளும் வைத்து அடித்த ஒரு கொட்டில். அந்தக் கொட்டிலில்தான் அக்கா, இரண்டு பிள்ளைகள், பிள்ளைகளின் அம்மம்மா. அக்காவின் கணவர் போரில் போய்விட்டார். 2009இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களோடு இவர்களும் செட்டிகுளம் மனிக் பாம் முகாமுக்குப் போய், பிறகு காடு மூடிக்கிடந்த தங்கள் வளவுக்குத் திரும்பி வந்தவர்கள்.

வேப்ப மரத்தடியில் கல் வார்த்துக்கொண்டிருந்தார் அக்கா. மணலும் சிமென்ட்டும் கலந்து, ஈரம் பார்த்து, இரும்பு அச்சில் போட்டு இடித்து, அச்சைத் தூக்கினால் ஆறு அங்குலக் கல் பிசிறில்லாமல் நிற்கும். கையில் ஒரு பிடி கலவையை எடுத்து அழுத்துவார். உருண்டை உடையாமல் நின்று, விரலில் தண்ணீர் கசியாமல் இருந்தால் பதம் சரி. என்னோடு வேலை பார்த்த எத்தனையோ கொத்தனார்களுக்கு இல்லாத கை அது. நான் கலவையைக் கிளறப் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, தண்ணி கூட விட்டிடாதேங்கோ. இது ஆரோ தாற வீடில்லை. காசு இந்தியா தந்தது, கல்லு நான் அரிஞ்சது.”

அவர் சொன்னது இந்திய வீட்டுத் திட்டத்தின் அமைப்பையே. இந்திய அரசு 2010இல் இலங்கைக்கு 50,000 வீடுகள் அறிவித்தது. முதல் 1,000 வீடுகள் முன்மாதிரியாக 2012இல் முடிந்தன. அடுத்து வடக்கிலும் கிழக்கிலும் 45,000, மலையகத் தோட்டங்களில் 4,000. இந்த 45,000 வீடுகளில் ஒப்பந்தக்காரர் கிடையாது. ஒரு வீட்டுக்கு இலங்கைப் பணத்தில் 5,50,000 ரூபாய். அதுவும் மொத்தமாக வராது. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை ஏறியதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கப் பார்க்கத் தவணை தவணையாக வீட்டுக்காரர் வங்கிக் கணக்கிலேயே விழும். மணல் எங்கே வாங்குவது, மேசன் யார், ஓடா தகடா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று முடிவெடுப்பதும் பேரம் பேசுவதும் குடும்பம்தான். ஐ.நா.வின் ஹேபிடட், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் பக்கத்தில் நின்று வழிகாட்டின.

பக்கத்து வளவில் ஒரு பெரியவர். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து ஓடி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். அவருடைய காணிக்குப் பத்திரம் சரியாக இல்லை, அதனால் வீட்டுக் கணக்கில் பெயர் ஏறாமலிருந்தது. அவர் தினமும் வந்து எங்களோடு கல் சுமந்தார். தன் முறை வரும்போது அக்காவும் வந்து சுமப்பார் என்பது ஊருக்குள் பேச்சில்லாமலே இருந்த ஒப்பந்தம். கிடைக்க வேண்டியவருக்குக் கடைசியில் கிடைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. எனக்கு அந்தப் பெரியவரை நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

வேலைக்கு நடுவே தேத்தண்ணி வரும். ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கறுப்புத் தேநீர். நான் பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பருப்பு எடுத்துப் போயிருந்தேன். அம்மம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பார். வளவில் ஒரு பலா நின்றது. தண்டில் குண்டுத் துளைகள், ஒரு பக்கம் பட்டை கருகியிருந்தது. மறுபக்கம் பிஞ்சு விட்டிருந்தது. அந்தப் பிஞ்சைக் கொச்சிக்காய்த் தூள் போட்டுக் கறி வைத்துக் கொடுத்தார்கள். பலா ஊர்க்காரனுக்கே பலாக் கறி செய்து போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் அம்மம்மா, தானே புயலில் ஆயாவின் மரங்கள் போன கதையை முழுக்கக் கேட்டார். எத்தனை மரம், என்ன வயது என்று எங்கள் ஊரில் இழவு கேட்டவர்களைப் போலவே கேட்டார்.

பொங்கல் வந்தது. புது நெல் அரிசி, முற்றத்தில் மூன்று கல், புதுப்பானை. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பொங்கலுக்கு வெடி கொளுத்துவது வழக்கம். அக்கா வீட்டில் வாங்கவில்லை. “அம்மாவுக்குச் சத்தம் ஒத்துவராது” என்றார் அக்கா. ஊரில் தூரத்தில் எங்கோ வெடித்தபோது அம்மம்மா பானையைப் பிடித்திருந்த கையை எடுத்து, பக்கத்தில் நின்ற பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டார். பால் பொங்கியதும்தான் கையை விட்டார்.

மார்கழியில் நிலை வைக்க மாட்டார்கள் என்று சுவரை நிலைமட்டத்தோடு நிறுத்தி வைத்திருந்தோம். தை பிறந்ததும் நாள் பார்த்தார்கள். நிலையைப் பற்றித்தான் அக்காவுக்கும் உத்தியோகத்தருக்கும் நீண்ட பேச்சு நடந்தது. முன்வாசலுக்கு ஒற்றைக் கதவு போதும், செலவு கட்டுக்குள் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான். அக்கா கேட்கவில்லை.

“எங்கட பழைய வீட்டில இரட்டைக் கதவு. வெளிக்கிடேக்க அப்பா கழட்டி ட்ரக்டரில ஏத்தினவர். விசுவமடு மட்டும் கொண்டு போனம். அங்கால கொண்டுபோக ஏலாமப் போச்சு.”

போர் நாட்களில் வன்னியில் சனங்கள் கூரைத் தகரம், ஓடு, கதவு, ஜன்னல் என்று கழற்றக்கூடியதையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நகர்ந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார்கள். அக்காவின் அப்பா கடைசிவரை விடாமல் வைத்திருந்தது அந்தக் கதவுகளை. முதிரை மரத்தில் செய்தவை. முதிரை வாங்க இப்போது வசதி இல்லை. பெண்கள் சேர்ந்து போடும் சீட்டை முன்கூட்டியே எடுத்து, வேப்ப மரத்தில் இரட்டைக் கதவுக்கு நிலை செய்யச் சொன்னார்.

விடியற்காலையில் நிலைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாவிலை கட்டினார்கள். நிறைகுடம் வைத்தார்கள். மஞ்சள் துணியில் நவதானியமும் ஒரு காசும் முடிந்து கீழே வைத்துவிட்டு, மேசன், நான், டொரன்டோ பையன், பக்கத்து வளவுப் பெரியவர் நாலு பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். மேசன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடுகிறது. யாரும் பேசவில்லை. ஆட்டம் சிறுத்துச் சிறுத்து நிற்கும்வரை பொறுத்து, நூலுக்கும் மரத்துக்கும் இடையே விரலை வைத்து மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை அளந்தார். அடியில் ஒரு சின்ன மரச் சீவலைச் செருகினார். மறுபடியும் தொங்கவிட்டார். இந்தத் தடவை மேலும் கீழும் ஒரே இடைவெளி. “சரி” என்றார். பையன் பிடித்த பிடியை விடவே இல்லை, முட்டுக் கொடுத்து முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தான். அம்மம்மா கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார். பிறகு அந்த நிலைக்குள் புகுந்து உள்ளே போய், கூரையில்லாத நடு அறையில் நின்று திரும்பி, எங்களை வாங்கோ என்று கூப்பிட்டார். சுற்றிலும் சுவர் இன்னும் முழுதாக எழும்பவில்லை, எந்தப் பக்கத்தாலும் ஏறிக் குதிக்கலாம். நாங்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாகத்தான் போனோம்.

ஓய்வு நாட்களில் ஊர் பார்த்தோம். இரணைமடுக் குளக்கட்டில் சாயங்காலம் நடந்தால் ஒரு பக்கம் கனகராயன் ஆற்றுத் தண்ணீர் கடல்போல, மறுபக்கம் கண்ணெட்டும் தூரம் நெல். வீராணம் ஏரியைப் பார்த்து வளர்ந்த எனக்கே மலைப்பாக இருந்தது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தாமல் எந்த வண்டியும் தாண்டாது. தேங்காய் உடைத்துவிட்டு எல்லோரும் கச்சான் வாங்குவார்கள். நம் வேர்க்கடலைதான், மணலில் வறுத்து, காகிதச் சுருளில் சூடாகத் தருவார்கள்.

ஒரு நாள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் உப்பு நீர், நடுவே சாலை, காற்று முகத்தில் அறைந்தது. யாழ்ப்பாணம் பொது நூலகம் வெள்ளை வெளேரென்று நின்றது. 1981இல் தீ வைக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலான கட்டடம் அது. மறுபடி எழுப்பித் திறந்திருக்கிறார்கள். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். டொரன்டோ பையன் வாசலில் கைபேசியை எடுத்துத் தன் தாத்தாவுக்குப் போன் போட்டான். அவர் அந்த நூலகத்தில் படித்தவராம். இவன் அங்கே எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று, இத்தனை நாள் கூச்சப்பட்ட அதே தமிழில், தடுக்கித் தடுக்கிச் சொல்லிக்கொண்டே போனான். நாங்கள் வெகுநேரம் வெளியே காத்திருந்தோம். கீரிமலைக் கேணியில் குளித்துவிட்டு, ஒடியல் கூழ் குடித்துவிட்டுத் திரும்பும்போது இருட்டிவிட்டது.

நான் கிளம்பும்போது சுவர்கள் முடிந்திருந்தன, கூரைக்குப் பனஞ்சட்டம் வந்து இறங்கியிருந்தது. வீடு முடிந்த படம் பிறகுதான் வந்தது.

வீட்டுக்காரரே கட்டும் இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வீடுகள் ஒரே சமயத்தில் எழும்பியதால் மணலும் சிமென்ட்டும் கூலியும் ஏறின, 5,50,000 போதவில்லை. நகையை அடகு வைத்தவர்கள், வட்டிக்கு வாங்கியவர்கள் பலர். ஆண் துணை இல்லாத வீடுகளில் அந்தச் சுமை முழுக்கப் பெண்கள் தலையில். அக்காவும் கடனாளியாகத்தான் அந்த வீட்டுக்குள் குடிபோனார். உதவித் தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். பின்னால் வந்த மலையக வீடுகளுக்குத் தொகை கூட்டப்பட்டது.

ஆனால் வேறு வழி என்னவாக இருந்திருக்கும் என்பதும் சில வருஷத்தில் தெரிந்தது. 2015, 2016 வாக்கில் இலங்கை அரசு வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடுகள், ஒன்றின் விலை முதலில் சொன்ன கணக்குப்படி 20 லட்சத்துக்கும் மேல். அந்தப் பணத்தில் கல்வீடு எத்தனை கட்டலாம் என்று அங்கிருந்த பொறியாளர்களும் சமூக அமைப்புகளும் கேட்டார்கள். வெக்கை தாங்குமா, பின்னால் ஒரு அறை சேர்த்துக் கட்ட முடியுமா, பழுதானால் ஊர் மேசனால் சரிசெய்ய முடியுமா என்று மக்கள் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்து அந்தத் திட்டம் நின்றுபோனது. செய்தியைப் படித்தபோது வேப்ப மரத்தடியில் அக்கா கலவையைக் கையில் பிடித்துப் பதம் பார்த்ததுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கைகளுக்கு வேலையே இல்லாத வீட்டை எப்படி அவர்களுக்குக் கொடுக்க நினைத்தார்கள்?

ஆயா இப்போது இல்லை. பலா நிலை தேன் நிறத்தைத் தாண்டிக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது. புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகளில் சில காய்க்கின்றன. 2025இல் பண்ருட்டிப் பலாப்பழத்துக்கும் முந்திரிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தபோது அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். “எங்கட பிலாவுக்கும் ஆராவது ஒண்டு குடுத்தால் நல்லது” என்று குரல் பதிவு வந்தது. குண்டு துளைத்த மரம் இன்னும் காய்க்கிறதாம்.

கடன் அடைய அவருக்கு வெகுகாலம் பிடித்தது. 2022இல் அங்கே பொருளாதாரம் சரிந்து எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களில், விறகடுப்புக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்த பின்பக்கக் குசினி அவர்களைக் காப்பாற்றியது. அது அந்த 5,50,000 ரூபாய்க் கணக்கில் இல்லாதது, அக்கா தன் பிடிவாதத்தில் கட்டியது. மகள் படித்து வேலைக்குப் போகிறாள். இப்போது வீட்டோடு சேர்த்து இன்னொரு அறை எடுக்கிறார்கள், முன்னால் விறாந்தையும் வருகிறது. லிண்டலுக்கு எத்தனை கம்பி, பழைய சுவரோடு புதுச் சுவரை எப்படிப் பிணைப்பது என்று படம் படமாக அனுப்பிக் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விறாந்தைக்கு மேலே சிமென்ட் தளம் வேண்டாம், ஓடே போடுங்கள், குளிர்ச்சியாக இருக்கும், பிறகு மாற்றவும் சுலபம் என்று போன வாரம் எழுதினேன். அங்கே மேசன் தளம்தான் நல்லது, மேலே நெல் காயப்போடலாம் என்கிறாராம். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டாயிற்று, ஓட்டு விலையை விசாரித்துவிட்டுச் சொல்வதாக அக்கா பதில் போட்டிருக்கிறார்.